வியாபாரம் எனக்கு ஏற்றதா? தொழில் தொடங்கும் முன் நஃப்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி

எல்லாப் புகழும், நாடியவருக்கு ரிஸ்க்கை விரித்துக் கொடுப்பவனும் நாடியவருக்கு அளந்து கொடுப்பவனுமாகிய அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும், ஆடு மேய்த்தும் வியாபாரம் செய்தும் உழைத்துக் காட்டிய நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே!

நம்முடைய ஊர்களில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். துபாயிலோ ரியாத்திலோ பத்துப் பதினைந்து வருடம் சம்பளத்துக்கு உழைத்துவிட்டு ஒருவர் ஊர் திரும்புகிறார். ஜுமுஆ முடிந்து ஸஃப் கலையும்போது இமாமின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், இனிமே சபர் போறதா இல்ல. இங்கேயே ஒரு கடை போடலாம்னு நிய்யத். துஆ செய்ங்க" என்கிறார்.

துஆ செய்கிறோம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அவர் கடைக்கு எந்த இடம், எவ்வளவு அட்வான்ஸ், எந்தச் சரக்கு, எங்கே கொள்முதல் என்று நாலு பேரிடம் விசாரித்திருப்பார். ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார், தன்னிடமும் கேட்டிருக்க மாட்டார். "என்னுடைய மனம் இந்த வேலைக்கு ஏற்றதுதானா?" என்பதே அந்தக் கேள்வி.

அந்தக் கடைக்குள் போகப்போவது அவருடைய பணம் மட்டுமல்ல. மனைவியின் நகை போகிறது. மகளின் திருமணத்துக்கென்று ஒதுக்கிய தொகை போகிறது. சில நேரம் வாப்பா கட்டிய வீட்டின் பத்திரமும் போகிறது. ஆகவே இந்தக் கேள்வி அமானிதத்தோடு சம்பந்தப்பட்டது, மார்க்கத்தோடு சம்பந்தப்பட்டது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

வியாபாரத்தின் கண்ணியம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். வியாபாரம் நம் மார்க்கத்தில் கண்ணியமான தொழில். வியாபாரத்தை அல்லாஹ் ஹலாலாக்கி, வட்டியை ஹராமாக்கினான் என்பதை ஸூரத்துல் பகராவில் பார்க்கிறோம். ஜுமுஆ தொழுகை நிறைவேறிய பின் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு ஸூரத்துல் ஜுமுஆ நமக்கு வழிகாட்டுகிறது.

ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அவர்களின் அன்ஸாரி சகோதரர் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ அதற்காக பரக்கத்துக்கு துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். கைனுகா சந்தைக்குப் போய், கொஞ்சம் பாலாடைக் கட்டியும் நெய்யும் லாபமாகக் கொண்டு திரும்பினார்கள். புகாரியில் வரும் இந்தச் சம்பவத்தை நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த ஒரு சம்பவத்தை வைத்துக்கொண்டு, எல்லோரும் சந்தைக்குப் போகத்தான் வேண்டும் என்று முடிவு கட்டுவது சரியல்ல. ரிஸ்க்கின் பத்துப் பங்கில் ஒன்பது வியாபாரத்தில்தான் இருக்கிறது என்றொரு செய்தியும் நம்மிடையே அதிகம் பேசப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரைத் தாழ்வாக நினைக்க வைப்பது முறையல்ல.

நபிமார்களைப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு வருடமோ பத்து வருடமோ கூலிக்கு வேலை செய்ய ஒப்பந்தம் செய்ததைக் குர்ஆன் சொல்கிறது. தாவூத் (அலை) கவசம் செய்தார்கள். ஸகரிய்யா (அலை) தச்சு வேலை செய்தார்கள் என்று முஸ்லிமில் வருகிறது. நம் நபி (ஸல்) அவர்களே, மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகளுக்காக மேய்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதச் சம்பளம் வாங்குவது தவக்குல் குறைவு என்றால், மூஸா (அலை) அவர்களின் அந்த வருடங்களை என்னவென்று சொல்வது?

ஈமான் வேறு, ஒரு வேலைக்கான தகுதி வேறு

அபூதர் அல்ஃகிஃபாரீ (ரலி) அவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். வானத்தின் கீழே அவரைவிட உண்மை பேசுபவர் இல்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களே பாராட்டிய ஸஹாபி. அப்படிப்பட்டவரிடம் நபி (ஸல்) அவர்கள் என்ன சொன்னார்கள்? அவரைப் பலவீனமானவராகக் காண்பதாகவும், தமக்கு விரும்புவதையே அவருக்கும் விரும்புவதாகவும் முதலில் சொன்னார்கள். பிறகு, இரண்டு பேருக்குக்கூட அமீராக வேண்டாம், யத்தீமின் சொத்தையும் பொறுப்பேற்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார்கள். இது முஸ்லிமில் பதிவான ஹதீஸ்.

சகோதரர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அபூதர் (ரலி) அவர்களின் நேர்மையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இறையச்சத்தில் குறை இல்லை. ஆனாலும் மற்றவரின் பணத்தை நிர்வகிப்பதற்கு வேறு ஒரு மனவலிமை வேண்டும். அது அவரிடம் இல்லை என்பதை நபி (ஸல்) அவர்கள் முகத்துக்கு நேராக, அன்போடு சொன்னார்கள். அதனால் அபூதர் (ரலி) அவர்களின் அந்தஸ்து ஒரு முடி அளவுகூடக் குறையவில்லை.

அபூஹுரைரா (ரலி) அவர்கள், முஹாஜிர் சகோதரர்கள் சந்தையிலும் அன்ஸாரிகள் தங்கள் தோட்டங்களிலும் ஈடுபட்டிருந்தபோது, தாம் வயிற்றுப் பசிக்குக் கிடைத்தது போதுமென்று நபியவர்களோடு ஒட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். அன்று அவர்களும் ஒரு கடை போட்டிருந்தால் உம்மத் எத்தனை ஹதீஸ்களை இழந்திருக்கும்! உமர் (ரலி) அவர்களோ ஒரு ஹதீஸ் தமக்குத் தெரியாமல் போனதற்கு, சந்தை வியாபாரம் தம்மை வேறு பக்கம் இழுத்துவிட்டதே காரணம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள்.

ஜவுளி வியாபாரியான அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவான பின், அந்தப் பொறுப்பையும் வியாபாரத்தையும் சேர்த்துச் சுமக்க முடியாது என்பதால் வியாபாரத்தை விட்டார்கள். குடும்பச் செலவுக்கு பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகை வகுக்கப்பட்டது. வியாபாரம் ஒருவரின் நேரத்தை மட்டும் கேட்பதில்லை, அவருடைய கவனம் முழுவதையும் கேட்கிறது.

வியாபாரம் மனதிடம் கேட்பது என்ன?

இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377-இல் எழுதிய முகத்திமாவில், எப்படிப்பட்டவர்கள் வியாபாரம் செய்யலாம், எப்படிப்பட்டவர்கள் அதிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு பகுதியே வைத்திருக்கிறார்கள். வியாபாரி அளவிலும் எடையிலும் ஏமாற்றுபவர்களைச் சந்தித்தே ஆக வேண்டும். பாக்கியை இழுத்தடிப்பவர்களால் லாபம் கரையும். வாங்கவே இல்லை என்று மறுப்பவர்களால் முதலே போய்விடும். ஆகவே வாதாடத் தயங்காத துணிச்சலும், கணக்கில் தேர்ச்சியும், விடாமல் பின்தொடரும் குணமும் உள்ளவருக்கே வியாபாரம் பொருந்தும். அல்லது அவரைப் பாதுகாக்கும் செல்வாக்கு இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் விலகி இருப்பதே நல்லது, இல்லையென்றால் அவருடைய முதல் மற்றவர்களுக்கு இரையாகிவிடும் என்கிறார்கள். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் எழுதியது. இன்றைக்கு எந்தக் கடைவீதியில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இதை நம் நிலைமைக்குப் பொருத்தி நான்கு விஷயங்களாகப் பார்ப்போம்.

முதலாவது, நிச்சயமில்லாத நிலையைத் தாங்குவது. சம்பளக்காரருக்கு மாதம் பிறந்தால் பணம் வரும். கடைக்காரருக்கு மாதம் பிறந்தால் வாடகையும் கரண்ட் பில்லும் வேலையாள் சம்பளமும்தான் நிச்சயம், வருமானம் நிச்சயமில்லை. இரண்டு மாதம் வியாபாரம் மந்தமாக இருந்தால் சிலருக்கு உறக்கம் போய்விடும். வீட்டில் எரிந்து விழுவார்கள். தொழுகையில் நின்றாலும் மனம் கல்லாப்பெட்டியில் இருக்கும். தவக்குல் என்பது பயமே வராமல் இருப்பதல்ல. பயம் வரும். பயம் வந்த பிறகும் செய்ய வேண்டியதைச் செய்து, முடிவை அல்லாஹ்விடம் விட்டுவிட்டு உறங்க முடிகிறதா என்பதில்தான் தவக்குல் இருக்கிறது.

இரண்டாவது, கேட்பதற்கும் மறுப்பதற்கும் முகம் கொடுப்பது. சொந்த ஊரில் கடை வைத்தால் வாடிக்கையாளர் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். "மச்சான், நோட்டுல எழுதி வை" என்பார்கள். இல்லை என்று சொல்ல வெட்கம். கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்கவும் வெட்கம். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், பகராவின் 282-ஆவது வசனம், கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. சிறிய தொகையோ பெரிய தொகையோ எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள் என்று அல்லாஹ் அதிலே நமக்குக் கற்றுத் தருகிறான். சொந்தக்காரர் முன்னால் நோட்டை எடுத்து எழுத உங்களுக்குக் கூச்சமாக இருக்குமென்றால், கடை போடுமுன் அந்தக் கூச்சத்தைச் சரிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, நெருக்கடியில் உண்மை பேசுவது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்கிறார், வாக்குக் கொடுத்தால் மீறுகிறார் என்று காரணம் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் செக் திரும்பிவிடும் என்ற நிலை வரும்போது "நாளைக்கு பணம் வந்துரும் பாய்" என்று நா கூசாமல் சொல்லிவிடுவார். நான்காவது முறை சொல்லும்போது அது பொய் என்றே அவருக்குத் தோன்றாது. நஷ்டத்தில் பணம் போவது ஒரு முஸீபத். அதோடு நாவின் உண்மையும் போவது அதைவிடப் பெரிய முஸீபத்.

நான்காவது, தோல்வியை ஏற்று நிறுத்தத் தெரிவது. தொடங்கத் துணிவு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூடுவதற்குத் துணிவு வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. ஆறு மாதத்தில் மூடியிருந்தால் நகையோடு போயிருக்கும். ஊர் என்ன சொல்லும் என்று இரண்டு வருடம் இழுத்ததில் வீடும் போகிறது. தவறிப்போனதற்காக வருந்திக் கொண்டிராமலும், கிடைத்ததைக் கொண்டு பெருமையடிக்காமலும் இருப்பதற்காகத்தான் எல்லாம் முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்தை ஸூரத்துல் ஹதீத் நமக்குத் தருகிறது. கத்ரை நம்புகிறோம் என்று நாவால் சொல்வது இலகு. ஷட்டரை இறக்கிப் பூட்டும் அன்று அதை மனதால் சொல்ல முடியுமா என்று பாருங்கள்.

நஃப்ஸை விசாரணை செய்யுங்கள்

அன்பிற்குரியவர்களே! தொழில் தொடங்க நினைக்கும் நீங்கள், இன்றிரவு இஷாவுக்குப் பிறகு தனியாக உட்கார்ந்து உங்களிடமே சில கேள்விகளைக் கேளுங்கள்.

இதுவரை யாருக்காவது கைமாத்துக் கொடுத்திருக்கிறேனா? அதைத் திரும்பக் கேட்டு வாங்கினேனா, அல்லது கேட்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கினேனா?

மூன்று மாதம் வருமானமே இல்லை என்றால், வீட்டாரிடம் அதை உள்ளபடி சொல்வேனா, மறைப்பேனா?

என்னிடம் வேலை பார்ப்பவரின் சம்பளத்தை, என் வீட்டுச் செலவுக்கு முன்னால் எடுத்து வைக்க என் மனம் இடம் கொடுக்குமா?

எனக்கு இந்தத் தொழிலில் விருப்பமா? அல்லது "முதலாளி" என்று நாலு பேர் அழைப்பதில் விருப்பமா? மேலதிகாரி மேல் உள்ள கோபத்தில் இந்த முடிவை எடுக்கிறேனா?

கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வர நேரமாகும். நிய்யத்தைச் சோதிப்பது தொழுகைக்கும் நோன்புக்கும் மட்டுமல்ல, வியாபாரத்துக்கும்தான். உமர் (ரலி) அவர்கள், மார்க்க விளக்கம் பெற்றவரைத் தவிர மற்றவர் நம் சந்தையில் விற்க வேண்டாம் என்ற கருத்தில் கட்டளையிட்டதாகத் திர்மிதியில் வருகிறது. கொடுக்கல் வாங்கல் சட்டத்தோடு தன்னையும் அறிந்துகொண்டு சந்தைக்குள் நுழைபவர் மற்றவருக்கும் தீங்கு செய்ய மாட்டார்.

ஏற்றதில்லை என்று தெரிந்தால்?

இங்கேதான் நம் மார்க்கத்தின் அழகைப் பார்க்கிறோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் இருந்தார். தலையில் பட்ட காயத்தால் அவரது அறிவிலும் பேச்சிலும் பலவீனம் ஏற்பட்டிருந்தது. அவர் பெயர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று அறிவிப்புகளில் வருகிறது. வியாபாரத்தில் தொடர்ந்து ஏமாற்றப்பட்டார். குடும்பத்தார் நபியவர்களிடம் வந்து, அவரைத் தடுக்கும்படி கேட்டார்கள். நபியவர்கள் அழைத்துத் தடுத்தபோது, வியாபாரம் செய்யாமல் தன்னால் இருக்க முடியாது என்றார் அவர். அப்படியானால் கொடுக்கல் வாங்கலின்போது ஏமாற்று இருக்கக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடும்படி வழிகாட்டினார்கள். வாங்கிய பொருளை வைத்துக்கொள்ளவோ திருப்பிக் கொடுக்கவோ அவருக்கு மூன்று நாள் அவகாசமும் கொடுத்ததாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன.

நபியவர்கள் அவருடைய ஆசையை முறித்து அனுப்பவில்லை. அவருடைய பலவீனம் எது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு வேலி போட்டுக் கொடுத்தார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். கணக்கு வராதவர், கணக்குத் தெரிந்தவரை வைத்துக்கொள்ளட்டும். கடன் மறுக்கத் தெரியாதவர், ரொக்க வியாபாரம் மட்டும் செய்யட்டும். எந்த நஷ்டத்தோடு நிறுத்துவது என்பதை முதல் நாளே எழுதி, வீட்டாரிடம் கொடுத்து வைக்கட்டும்.

பணம் உண்டு, ஆனால் சந்தையில் நிற்கும் மனம் இல்லை என்பவருக்கு ஷரீஅத் முளாரபாவைத் தந்திருக்கிறது. முதல் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டு நபியவர்கள் ஷாம் தேசத்துக்கு வியாபாரம் செய்யப் போனது நமக்குத் தெரியும். இமாம் புகாரி (ரஹ்) அவர்களும் தம் தந்தை வழியில் வந்த செல்வத்தை முளாரபாவாகக் கொடுத்துவிட்டு, ஹதீஸ் பணியில் மூழ்கினார்கள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. லாபத்தில் பங்கு விகிதம் முன்பே பேசப்பட வேண்டும். உழைப்பவரின் கவனக்குறைவோ மோசடியோ இல்லாமல் நஷ்டம் வந்தால், பணத்தின் நஷ்டம் முதல் போட்டவருக்கே. உழைத்தவருக்கு உழைப்பு வீண். "லட்சத்துக்கு மாசம் இவ்வளவு நிச்சயமா தர்றேன்" என்று எவராவது சொன்னால், அதற்கு ஹலால் வியாபாரம் என்று பெயர் வைத்திருந்தாலும் அதில் வட்டி இருக்கிறது. விலகிக்கொள்ளுங்கள்.

சிறியதாகத் தொடங்குங்கள்

இன்னும் தயக்கத்தில் இருப்பவருக்கு அபூதாவூதில் ஒரு வழி இருக்கிறது. யாசகம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் வீட்டிலிருந்த விரிப்பையும் குவளையையும் நபி (ஸல்) அவர்கள் ஏலம் விட்டார்கள். இரண்டு திர்ஹம் கிடைத்தது. ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொன்றுக்குக் கோடரி வாங்கி வரச் சொல்லி, அதற்குத் தங்கள் கையாலேயே பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கச் சொல்லி, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்துத் திர்ஹத்தோடு திரும்பினார்.

இதில் எத்தனை பாடங்கள்! இருந்த பணம் முழுவதும் முதலாகப் போகவில்லை. வீட்டின் உணவு முதலில் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. அவருடைய உடலுக்கும் குணத்துக்கும் ஏற்ற வேலை தேர்ந்தெடுக்கப்பட்டது. கடன் வாங்கவில்லை. பதினைந்து நாள் என்று ஒரு தவணை வைத்து, அதன் முடிவில் கணக்குப் பார்க்கப்பட்டது. மனவலிமை சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், சிலருக்குப் பழகப் பழக வரும். நமக்கு வருமா என்பதை நகையை அடகு வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. சம்பள வேலையில் இருந்துகொண்டே, விடுமுறை நாட்களில், இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகையில் செய்து பார்க்கலாம். வேறொருவர் கடையில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

சுற்றி இருப்பவர்களுக்கு

ஜமாஅத்தாராகிய நமக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ஊர் திரும்பியவரிடம் "எப்ப கடை போடப் போற?" என்று கேட்டுக் கேட்டு அவரைத் தள்ளிவிடாதீர்கள். அவர் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் அதைக் குறைவாகப் பேசாதீர்கள். மஷ்வரா கேட்டு வந்தால், அபூதர் (ரலி) அவர்களிடம் நபியவர்கள் பேசியதுபோல் அன்போடு உண்மையைச் சொல்லுங்கள். "நல்லா வரும், ஆரம்பி" என்று சொல்வது எளிது. நஷ்டம் வரும்போது நாம் அங்கே இருக்கப்போவதில்லை.

நஷ்டப்பட்டு நிற்பவரைக் கண்டால், கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறும், தர்மமாக விட்டுவிடுவது மேலும் சிறந்தது என்றும் ஸூரத்துல் பகரா கூறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவரையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான். இவர்கள் நம் ஸஃபில் நம் தோளோடு தோள் நிற்பவர்கள். வெட்கத்தில் அவர்கள் ஜமாஅத் தொழுகைக்கு வருவதை நிறுத்திவிட்டால் அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு வரும்.

கடையை மூடிவிட்டு வந்திருக்கும் சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இழந்தது ஒரு தொழில். அல்லாஹ்விடம் உங்களுக்குள்ள இடத்தை நீங்கள் இழக்கவில்லை. கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலை எழுதுங்கள். ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்து உண்மையைச் சொல்லுங்கள். ஒளிந்துகொள்ளாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பணத்தை வாங்கியவருக்காக அல்லாஹ் அதை நிறைவேற்றித் தருவான் என்ற நற்செய்தி புகாரியில் இருக்கிறது. நாளை மீண்டும் சம்பளத்துக்குப் போவதில் எந்த இழிவும் இல்லை.

ஆகவே சகோதரர்களே! அனுபவசாலிகளிடம் மஷ்வரா செய்யுங்கள், வீட்டாரிடமும் செய்யுங்கள். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யுங்கள். இஸ்திகாராவில் நாம் கேட்பது என்ன? இந்தக் காரியம் என் தீனுக்கும் வாழ்க்கைக்கும் மறுமைக்கும் நல்லதென்றால் கொடு, கெட்டதென்றால் என்னை விட்டும் அதைத் திருப்பிவிடு என்பதுதான். திருப்பிவிடப்பட்டால் அதுவும் துஆ ஏற்கப்பட்டதன் அடையாளம்தான். கடை வேண்டாம் என்று அமைதியான மனதோடு முடிவெடுத்தவரும் அல்லாஹ்வின் அருளைத் தேடிப் புறப்பட்டவரே.

யா அல்லாஹ்! எங்களுக்கு எது ஏற்றதோ அதை அறியும் தெளிவைத் தருவாயாக! வியாபாரம் செய்பவர்களுக்கு உண்மையான நாவையும் உறுதியான உள்ளத்தையும் பரக்கத்தையும் தருவாயாக! கூலிக்கு உழைப்பவர்களின் உழைப்பைக் கண்ணியப்படுத்துவாயாக! கடனில் சிக்கியவர்களை அதிலிருந்து மீட்பாயாக! எங்கள் அனைவரின் ரிஸ்க்கையும் ஹலாலானதாகவும் மன நிம்மதியுடையதாகவும் ஆக்குவாயாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.